நாலு படம், இரண்டு சனிக்கிழமை: வில்லன் பிள்ளைகள் கதையில் எதைக் காட்டுவது?

அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் மே மாத விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பெண்ணுக்கு 8 வயது, பையனுக்கு 11. அண்ணி போட்ட சட்டம் ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு படம், அதுவும் சனிக்கிழமை மட்டும். தங்குவது இரண்டு வாரம், ஆகவே இரண்டு படம். பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், டிஸ்னியின் ‘டிசென்டன்ட்ஸ்’ பார்த்தே தீர வேண்டும் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது மொத்தம் நாலு படம். எந்த இரண்டைக் காட்டுவது?

பாட்டு, நடனம், பளபள உடை எல்லாம் நாலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் மூன்றை இயக்கிய கென்னி ஒர்ட்டேகா ‘ஹைஸ்கூல் மியூசிக்கல்’ எடுத்தவர். நாலு நிமிடம் யாரும் ஆடாமல் இருந்தால் அவருக்குக் கை அரிக்கும் போல. அதனால் கலைத்தரத்தை வைத்து ஒன்றைத் தூக்கி ஒன்றைத் தள்ள முடியாது. நல்லது கெட்டது பற்றி ஒவ்வொரு படமும் பிள்ளையின் காதில் என்ன போடுகிறது என்பதில்தான் வித்தியாசம், அதுவும் பெரிய வித்தியாசம். பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி நாலு ராத்திரி உட்கார்ந்து நாலையும் பார்த்தேன்.

கதைக்களம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் வகைக் கதைகளின் நல்லவர்கள் எல்லாரும் ஆராடான் என்ற நாட்டில் சுகமாக வாழ்கிறார்கள். தோற்றுப்போன வில்லன்களையெல்லாம் ஒரு தீவில் கொண்டுபோய்த் தள்ளி, சுற்றிலும் மந்திரத் தடுப்பு போட்டாயிற்று. உள்ளே மந்திரம் பலிக்காது, வெளியே வர வழியும் கிடையாது. அங்கே வில்லன்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்தும் விட்டார்கள். ‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா’, ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று நாம் பெருமைக்கும் திட்டுக்கும் மாற்றி மாற்றிச் சொல்வோமே, அதை நம்பி ஒரு நாட்டையே நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் டிஸ்னி சேனலில் 2015 ஜூலை 31 அன்று வந்தது. முடிசூடப் போகும் இளவரசன் பென் தன் முதல் ஆணையாக, தீவிலிருந்து நாலு பிள்ளைகளைத் தங்கள் பள்ளிக்கு அழைக்கிறான். தூங்கும் அழகிக்குச் சாபம் போட்ட மலெஃபிசென்டின் மகள் மால், ஸ்னோ ஒயிட்டுக்கு விஷ ஆப்பிள் கொடுத்த ராணியின் மகள் ஈவி, அலாவுதீன் கதை ஜாஃபரின் மகன் ஜே, நாய்த் தோலில் கோட்டு தைக்க அலைந்த க்ரூயெல்லாவின் மகன் கார்லோஸ். அம்மா மலெஃபிசென்ட் சொல்லி அனுப்புவது ஒரே வேலை: சிண்ட்ரெல்லா கதையில் வரும் தேவதை அம்மாவின் மந்திரக்கோலைத் திருடிக்கொண்டு வா.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம், இவர்களுக்காகவே நடத்தப்படும் ‘நல்லவராவது எப்படி’ வகுப்பு. தேவதை அம்மா பலகையில் எழுதி வைத்துக் கேட்கிறாள்: அழுகிற குழந்தையை யாராவது உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? சாபம் போடுவதா, கோபுரத்தில் பூட்டுவதா, பால் புட்டி கொடுப்பதா, இதயத்தை அறுத்தெடுப்பதா? மால் மட்டும் சரியாகச் சொல்கிறாள். எப்படித் தெரிந்தது என்று மற்றவர்கள் வியந்தால், எது கொஞ்சமும் ஜாலியாகத் தெரியவில்லையோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிறாள். நம் பிள்ளைகள் நன்னெறி வகுப்பில் மதிப்பெண் வாங்குவதும் இதே சூத்திரத்தில்தான். பதில் தெரியும், ஏன் என்று தெரியாது.

கடைசியில் முடிசூட்டு விழாவில் மந்திரக்கோல் கைக்கு எட்டிய நேரத்தில் மால் அந்தச் சூத்திரத்தைத் தலைகீழாக்குகிறாள். திருடுவது ஜேக்குச் சந்தோஷம் தரவில்லை, அணியோடு ஜெயித்துவிட்டு பீட்ஸா தின்பதுதான் தருகிறது. கார்லோஸுக்கு நாயின் வயிற்றைச் சொறிந்துவிடுவதில் சந்தோஷம். ஈவி ஒரு பையனுக்காக முட்டாள் மாதிரி நடிக்கத் தேவையில்லை. அதனால் நான் நல்லதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்கிறாள். ஜாலியில்லாததே நல்லது என்று ஆரம்பித்தவள், எது உண்மையில் மகிழ்ச்சியோ அதுவே நல்லது என்று வந்து நிற்கிறாள். குழந்தைப் படத்துக்கு இது கெட்டிக்காரத்தனமான கட்டுமானம். உபதேசம் மாதிரியே தெரியாது.

இன்னொரு காட்சியும் உண்டு, அதை ராத்திரி இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன். பென்னை மயக்க, மால் விடுதிச் சமையலறையில் வசிய பிஸ்கட்டுக்கு மாவு பிசைகிறாள். செய்முறையில் ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டும். இவர்கள் நாலு பேருக்கும் அழவே வராது. அந்த நேரம் முலானின் மகள் லானி உள்ளே வருகிறாள். மனசு சரியில்லாத நாளில் உங்கள் அம்மாக்கள் அடுப்பிலிருந்து சுடச்சுட பிஸ்கட் எடுத்து, கூடவே பாலும் கொடுத்ததே இல்லையா என்று கேட்கிறாள். நாலு முகமும் வெறுமையாகப் பார்க்கின்றன. வில்லன்களானாலும் பெற்ற பிள்ளைகள்மேல் பாசம் இருக்கும் என்றுதானே நினைத்தேன் என்று சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் கோர்க்கிறது. மால் சட்டென்று விரலால் அந்தச் சொட்டைத் துடைத்து மாவில் தட்டுகிறாள். இரக்கப்பட்டவளின் கண்ணீர் வசிய மருந்துக்குச் சரக்காகிறது. சிரிப்புக் காட்சியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி முதல் படத்தின் ஓட்டைகள். ஒன்று, வசியம் வைத்ததற்கு மாலுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு புன்னகை மட்டும். மந்திர ஏரியில் குளித்தபோதே அந்த வசியம் கழுவிப்போய்விட்டது, உனக்கு என்மேல் ஆசை, அதனால்தானே செய்தாய் என்று பென்னே சமாதானம் சொல்லிவிடுகிறான். இன்னொருவர் மனசைக் கேட்காமல் திருப்புவது தப்பு என்று யாருமே வாய் திறப்பதில்லை. 11 வயதுப் பையனுக்கு இதைக் காட்டிவிட்டுச் சும்மா எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. அதே ஏரிக்கரையில் மால் ஸ்ட்ராபெரியை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தின்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்றதும், நீ தீவில்தானே வளர்ந்தாய் என்று பென் ஆச்சரியப்படுகிறான். ஆமாம், சுற்றிலும் தடுப்பு போட்ட தீவு, மறந்துவிட்டதா என்கிறாள். ஒரு பழமும் ஒரு நீச்சலும் போதும், தீவு என்றால் என்னவென்று புரிந்துவிடுகிறது. ஆனால் படம் அதை அங்கேயே விட்டுவிடுகிறது. நாலு பேர் வந்தார்கள், திருந்தினார்கள், வாணவேடிக்கையோடு படம் முடிந்தது. தீவில் மிச்சம் இருக்கும் பிள்ளைகள்? அவர்களுக்கு நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே யாரும் கொடுக்கவில்லையே.

இங்கே நம்மூர்ப் பிரகலாதன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். வில்லன் பிள்ளை என்றாலே நமக்கு அவன்தான். கம்பன்கூட இரணியன் கதைக்குத் தனிப் படலமே ஒதுக்கி, அதை வீடணன் வாயால் இராவணனுக்குச் சொல்ல வைக்கிறான். பையன் ‘மகாவதார் நரசிம்மா’ அனிமேஷன் படத்தை 2025இல் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து, தூணைப் பிளக்கும் காட்சியை ஒரு வாரம் சோபாவில் நடித்துக் காட்டினான். ஆனால் பிரகலாதனுக்குக் குழப்பமே கிடையாது. கருவிலேயே நாரதர் உபதேசம் கேட்டுப் பிறந்தவன், கடைசிவரை அசையாதவன். மால் அப்படியில்லை. ஆசையும் தடுமாற்றமும் அம்மாமேல் பயமும் உள்ள சாதாரணப் பெண். இரணியனின் முடிவு தெரிந்ததே. மலெஃபிசென்ட் டிராகனாகப் பாய்ந்து வந்து, தன் மனசில் உள்ள அன்பின் அளவுக்குச் சுருங்கிப் பல்லி ஆகிவிடுகிறாள். இப்படியே இருந்துவிடுவாளா என்று மால் கேட்க, நீ அன்பு செய்யக் கற்றுக்கொண்டாயே, அவளாலும் முடியும் என்கிறாள் தேவதை அம்மா. பக்தியும் உறுதியும் வேண்டுமானால் பிரகலாதன், தப்பு செய்துவிட்டுத் திரும்பி வருவது வேண்டுமானால் மால். இரண்டும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், ஒன்றுக்கு ஒன்று மாற்றில்லை.

இரண்டாம் படம், 2017 ஜூலை 21. வில்லி பெயர் உமா. நம் வீட்டு உமா இல்லை, கடல் சூனியக்காரி அர்சுலாவின் மகள். (எதிர்வீட்டு உமா அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.) தாயின் மீன் வறுவல் கடையில் தட்டு தூக்குகிறவள். அவள் மனசில் இருப்பது ஒரே புண்: நாலு பேரைக் கூப்பிட்டார்களே, என்னை ஏன் கூப்பிடவில்லை? முதல் படம் விட்டுப்போன கேள்விக்கு இங்கே ஆள் உருவம் கிடைத்துவிடுகிறது. பென்னைப் பிடித்துக் கப்பலில் கட்டிப்போட்டுவிட்டு அவள் கேட்பதும் அதைத்தான். அவனிடம் நல்ல பதில் இல்லை. நாலு பேரோடு ஆரம்பிக்கலாம் என்றுதான் நினைத்தேன், அப்புறம் அரச வேலைகளில் மூழ்கிவிட்டேன் என்று தடுமாறுகிறான். தப்பு செய்யாத நல்லவன், ஆனாலும் மறந்துவிட்டான். நல்லவர்களின் மறதியும் ஒருவருக்குக் கொடுமையாக முடியும் என்பதைப் பிள்ளைகள் படத்தில் இவ்வளவு நேராகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இதே படத்தில் மால் பக்கம் வேறொரு கதை ஓடுகிறது. ராஜ குடும்பத்துப் பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று முடியின் நிறத்திலிருந்து பென்னுக்குப் பிடித்த சமையல்வரை எல்லாவற்றையும் மந்திரப் புத்தகத்தை வைத்து ஒப்பேற்றுகிறாள். அது பிடிபட்டதும் மூச்சு முட்டித் தீவுக்கே ஓடிவிடுகிறாள். புதுப் பள்ளி, புது ஊர், புகுந்த வீடு எதிலாவது ‘நல்ல பெண்’ வேஷம் கட்டி அலுத்தவர்களுக்கு இது புரியும். 8 வயதுக்கு அவ்வளவு ஒட்டுமா என்பது சந்தேகம். அவளுக்கு லானியின் கிளைக்கதை ஒட்டும். வாள்வீச்சு அணியில் ‘ஒரு கேப்டனும் எட்டு ஆண்களும்’ என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பெண்ணைச் சேர்க்க முடியாது என்று ஒருவன் அதைக் காட்டிக் குதிக்கிறான். ஜே புத்தகத்தை நன்றாகப் படித்துப் பார்த்து, லானியைக் கேப்டனாக்கிவிடுகிறான்.

படத்தின் முரணும் இங்கேதான் வெளிச்சமாகிறது. உமாவும் பென்னுக்கு வசியம் வைக்கிறாள். மால் செய்ததை அப்படியே. மால் செய்தபோது சிரிப்பு, உமா செய்தபோது திகில் இசை. இதைப் படத்தின் குறை என்று ஒதுக்கிவிடலாம். என் கணக்கில் இது பிள்ளைகளிடம் கேட்கக் கிடைத்த தங்கமான கேள்வி: ரெண்டு பேரும் பண்ணினது ஒண்ணுதானே, ஒருத்தி மட்டும் எப்படி வில்லி ஆனாள்? முடிவிலும் உமாவை யாரும் அடித்து வீழ்த்துவதில்லை. பென் கடலில் குதித்து நடுவில் நின்று பேசுகிறான், அவள் பென்னின் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீருக்குள் போய்விடுகிறாள். தீவிலிருந்து டிஸ்ஸி என்ற குட்டிப் பெண்ணைக் கூப்பிட ஈவி அனுமதி கேட்க, வேறு யாரெல்லாம் வர விரும்புவார்கள், பட்டியல் போடு என்கிறான் பென்.

மூன்றாம் படம் 2019 ஆகஸ்ட் 2. பார்க்கும் முன் பெரியவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கார்லோஸாக நடித்த கேமரன் பாய்ஸ் படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 6 அன்று, 20 வயதில் வலிப்பு நோயால் இறந்துபோனார். படம் பிடித்துப்போன பிள்ளைகள் இவரைப் பற்றி எங்காவது தேடிக் கண்டுபிடித்து வந்து கேட்பார்கள். பதில் வைத்திருங்கள்.

கதையில் இந்தத் தடவை வில்லி நல்லவர்கள் வீட்டிலிருந்தே வருகிறாள். தூங்கும் அழகியின் மகள் ஆட்ரி. பென்னுக்கும் மாலுக்கும் கல்யாணம் என்று தெரிந்ததும் ஆட்ரியின் பாட்டி பேத்தியைக் கடிந்துகொள்ளும் விதம் இருக்கிறதே, அப்பப்பா. உன் அம்மா தூக்கத்திலேயே ஒரு இளவரசனைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்கிறாள். எந்தக் கல்யாண வீட்டுத் திண்ணையிலும் கேட்கக்கூடிய பேச்சு. அந்த அவமானத்தில்தான் ஆட்ரி செங்கோலைத் திருடி ஊரையே தூங்கவும் கல்லாகவும் ஆக்குகிறாள். வில்லன் வளர்ப்பு தீவில் மட்டும் நடப்பதில்லை என்பதைப் படம் ஒரே வரியில் காட்டிவிடுகிறது.

மால் செய்வதோ அதைவிடக் கனமானது. தன் அப்பா, பாதாள உலகக் கடவுள் ஹேடிஸ், தடுப்பை உடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறார். ஊர் நடுங்குகிறது. தடுப்பை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று சொல்கிறவள், தீவில் பிறந்த மால்தான். சொல்லிவிட்டு நண்பர்களிடம் மறைக்கிறாள், உமாவிடம் பொய் வாக்குக் கொடுத்து உதவி வாங்குகிறாள். உண்மை தெரிந்த கணம்தான் படத்தின் உயிர். புதிதாக அழைக்கப்பட்ட சீலியாவின் அப்பா இன்னும் தீவில் இருக்கிறார். இனி அவரைப் பார்க்கவே முடியாது என்று புரிந்ததும், எல்லாரையும் காப்பாற்ற வேண்டிய மந்திரத் தணலைத் தண்ணீரில் எறிகிறாள் அந்தச் சின்னப் பெண். தணல் அணைந்துபோகிறது. நல்ல எண்ணத்தோடு, பயத்தில், ஊர் நன்மைக்கு என்று ஒரு கெட்ட சட்டம் போடுவது எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சின்னதாகக் காட்ட முடியாது.

பிறகு ஆட்ரி நினைவில்லாமல் கிடக்கிறாள், அவளை எழுப்ப ஹேடிஸால்தான் முடியும். அவர் கேட்கும் கேள்விக்கு ஆராடானில் யாரிடமும் பதில் இல்லை: உங்களவர் உலகத்தை அழிக்கப் பார்த்தால் ஏதோ புத்தி பிசகிவிட்டது, எங்களவர் செய்தால் உள்ளே போட்டுப் பூட்டிச் சாவியை எறிந்துவிடுவீர்களா? கடைசியில் தடுப்பு விழுகிறது. பாலத்தில் இரண்டு பக்கத்து ஜனங்களும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். குறை என்றால் கூட்டம். ஆள் அதிகம், கிளைக்கதை அதிகம். மகளை விட்டுப்போன அப்பாவை ஒரு பாட்டிலேயே பாதி மன்னித்துவிடுகிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை.

நாலாவது ‘தி ரைஸ் ஆஃப் ரெட்’, டிஸ்னி பிளஸில் 2024 ஜூலை 12. இயக்கம் ஜெனிஃபர் ஃபாங். மாலும் பென்னும் இதில் கிடையாது. உமா பள்ளி முதல்வராகி இருக்கிறாள், அது ஒன்று மனசுக்கு நிறைவு. ‘தலையை வெட்டு’ என்று கத்தும் இதய ராணியின் மகள் ரெட்டும் சிண்ட்ரெல்லாவின் மகள் க்ளோயியும் ஒரு மந்திரக் கடிகாரத்தால் காலத்தில் பின்னோக்கிப் போகிறார்கள். அங்கே ராணி கப்கேக் சுடும் கள்ளமில்லாத பெண். ஒரு விழாவில் நடந்த கேலியால்தான் அவள் மனசு இறுகியது, அதைத் தடுத்துவிட்டால் அம்மா நல்லவளாகிவிடுவாள். கேலி செய்வது ஒருவரை எப்படி மாற்றும் என்று சொல்ல இது பயன்படும். ஆனால் ஒரே ஒரு நாளின் அவமானம்தான் கொடுங்கோலுக்குக் காரணம் என்பது ரொம்பவும் சுலபமான கணக்கு. திருந்துகிற சிரமமே அந்த ராணிக்கு இல்லை, பழசை மாற்றிவிட்டார்கள், ஆள் தானாக மாறிவிட்டாள். கடிகாரம் இல்லாத பிள்ளை வீட்டில் என்ன செய்யும்? படமும் அடுத்த பாகத்துக்கு நூல் விட்டு அரைகுறையாக நிற்கிறது. இது பட்டியலிலிருந்து போனது.

மிச்சம் மூன்று, இடம் இரண்டு. எல்லாரும் செய்வது ஒன்றும் இரண்டும் காட்டுவது. நான் அதற்கு எதிராக முடிவு செய்தேன். முதல் படம் ஒரு பாட்டிக் கதை: தீவு, நாலு பிள்ளைகள், திருட வந்தது, திருந்தியது, அம்மா பல்லியானது. பாட்டிக் கதையை வாயால் சொல்லலாம். அந்த வகுப்புக் கேள்வி, கண்ணீர் பிஸ்கட், ஸ்ட்ராபெரி எல்லாம் திரையைவிட அடுப்படியில் நன்றாக எடுபடும். வசியம் தப்பு என்பதையும் சொல்லும்போதே என் வாக்கில் சேர்த்துவிடலாம். இரண்டாம் படத்தையும் மூன்றாம் படத்தையும் அப்படிச் சொல்ல முடியாது. உமாவின் முகத்தையும் சீலியா கையை வீசும் வேகத்தையும் பார்த்தால்தான் ஆச்சு. வீட்டில் 6 வயதுக்குக் கீழே பிள்ளைகள் மட்டும் இருந்தால் என் யோசனை வேறு, முதல் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவதில் ஜனங்கள் கல்லாகும் இடம் சின்னதுகளுக்குப் பயமாக இருக்கும்.

வியாழக்கிழமை ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே முதல் கதையைச் சொன்னேன். பையன் ‘கோபுரத்துல பூட்டணும்’ என்று வேண்டுமென்றே தப்புப் பதில் சொல்லி, தங்கையிடம் ஒரு அடி வாங்கினான். பிஸ்கட் இடத்தில் இரண்டு பேரும் பேசவில்லை. பல்லி என்றதும் பெண் சுவரில் குழல்விளக்குக்குப் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். கதை முடிந்து, மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

“அத்தை, அந்தத் தீவுல மொத்தம் எத்தனை பசங்க?”

“தெரியலையே கண்ணு.”

“நாலு பேரைத்தானே கூப்பிட்டாங்க.”

“ஆமா.”

“அப்ப மத்தவங்கல்லாம் சனிக்கிழமை வருவாங்களா?”